பலகைத் தரையும் வெறுங்காலும்: நமுனுகுல பங்களாக்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

குறிஞ்சி முதலிய திணைகளுக்குக் கருப்பொருள் வகுத்த தொல்காப்பியர் தெய்வத்தில் தொடங்கி யாழ் வரைக்கும் வந்தார். மரத்தையும் விடவில்லை. ஆனால் அந்த மரம் அறுபட்டு, இழைப்புளியில் மழமழவென்று ஆகி, மலைமேல் ஒரு வீட்டின் தரையாகப் படுத்துக் கிடக்கும்போது அதை யார், எதைக் கொண்டு, எந்த மாதத்தில் துடைக்க வேண்டும் என்பது பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாத உரைகாரர் நச்சினார்க்கினியரும் இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட்டார். மன்னிக்கலாம். அவர்கள் காலத்தில் இலங்கையின் நமுனுகுல மலையில் தோட்டத் துரை இல்லை. துரை இல்லாத இடத்தில் பங்களா இல்லை. பங்களா இல்லாத இடத்தில் பொலிஷ் டின்னுக்கு வேலை இல்லை. பசறைப் பக்கமும் எல்லப் பக்கமும் சரிவு இறங்க, 2000 மீற்றரைத் தாண்டி நிற்கிற அந்த மலையைச் சுற்றித் தேயிலை ஏறிய பிறகுதான் பலகைத் தரை என்ற ஆராய்ச்சிப் பொருளே அங்கு உண்டாயிற்று. அதன் பிறகும் தேயிலையை ஆராய்ந்தவர்கள் பலர், தேயிலை பறித்தவர்களை ஆராய்ந்தவர்கள் சிலர். தரையை ஆராய்ந்தவர் எவரும் கண்ணில் படவில்லை. இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே ஒன்று. பலகைத் தரையைக் காப்பது மரத்தின் சாதியும் அல்ல, மெழுகின் விலையும் அல்ல; அதன்மேல் நடப்பவரின் வெறுங்கால்.

இதை நிறுவுமுன் பிறர் மதம் கூறி மறுப்பது முறை. பலகைத் தரை விஷயத்தில் மூன்று மதங்கள் நிலவுகின்றன. வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் இருந்தால் உலகில் கழுவ முடியாதது எதுவும் இல்லை என்பவர்கள் நீர்வாதிகள். கறிக்குப் பால் பிழிந்த பிறகு மிஞ்சும் தேங்காய்ச் சக்கையைத் துணியில் முடிந்து தேய்த்தால் பலகை பளபளக்கும் என்பவர்கள் எண்ணெய்வாதிகள். டின் பொலிஷைப் பூசி, பாதியாகப் பிளந்த தேங்காய் மட்டையின் மேல் ஒரு காலை வைத்து, மறு காலில் சமநிலை காத்து, ஆடிக்கொண்டே அறையைக் கடப்பவர்கள் மெழுகுவாதிகள். நாலாவதாக ஒரு தேயிலைவாதமும் உண்டு. ஆனால் அது நம்முடையது அல்ல. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், வடித்த தேயிலைத் தூளை ஈரத்தோடு கம்பளத்தில் தூவித் தூசியைச் சேர்த்துக் கூட்டி அள்ளினார்கள். 1861இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் இல்ல நிர்வாக நூல் இந்த உபாயத்தைச் சொல்கிறது. அன்று அது பெரும்பாலும் சீனத் தேயிலையாகத்தான் இருந்திருக்கும். ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலை நட 1867 ஆக வேண்டியிருந்தது. இந்த உபாயத்தைக் கம்பளம் இல்லாத வெறும் பலகையில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். தேயிலைச் சாயத்தில் உள்ள தனின், ஈரத்தில் இரும்பு ஆணித் தலையைச் சந்தித்தால், மை ஊற்றியதுபோல் ஒரு கருங்கறை பலகைக்குள் இறங்கும். பிறகு அதை எடுப்பது லேசல்ல.

நீர்வாதிகளை முதலில் எடுத்துக்கொள்வோம், அவர்கள்தாம் பெரும்பான்மை. மரம் செத்த பிறகும் குடியை விடுவதில்லை. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி உப்பும், குறைந்தால் கக்கிச் சுருங்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 50 என்றால் பலகையின் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீர்; காற்று 80ஐத் தொட்டால் பலகை 16ஐத் தொடும். இந்த உப்பலும் சுருங்கலும் நீளவாட்டில் அநேகமாகக் கிடையாது, அகலவாட்டில்தான் எல்லாம். பத்து சென்ரிமீற்றர் அகலப் பலகை ஒன்று, ஈரம் ஐந்து சதவீதம் கூடினால் சுமார் ஒரு மில்லிமீற்றர் அகலும். ஒரு மில்லிமீற்றர்தானே என்று சிரிப்பவர்கள், நாற்பது பலகை போட்ட அறையில் நாலு சென்ரிமீற்றர் எங்கே போகும் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கலாம். நமுனுகுல நிற்கும் ஊவாவில் இந்த நாடகத்துக்கு ஆண்டில் இரண்டு அங்கம் உண்டு. ஒக்ரோபர் தொடங்கித் தை வரைக்கும் மழையும் பனிமூட்டமும். பலகைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடக்கும். யூலையிலிருந்து செப்ரெம்பர் வரைக்கும், மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவக்காற்று, மலையைத் தாண்டி வெறுங்கையோடு வறண்டு இறங்கும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்வது இதன் கீழ்க்கோடியைத்தான். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த வாசம் இந்த மாதங்களில், இந்தக் காற்றில்தான் பிறக்கிறது. கொழுந்துக்கு வாசம் கொடுக்கும் அதே காற்று பலகைக்கு இடைவெளி கொடுக்கிறது. தேயிலை ருசிப்பவர் கோப்பையில் கண்டுபிடிப்பதைப் பங்களா தன் தரையிலேயே எழுதி வைத்திருக்கிறது, படிப்பார்தான் இல்லை.

படிக்காததால் வரும் கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளியைப் பார்த்து, ஐயோ தரை பிளந்துபோச்சே என்று பதறி, புட்டி வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தது நன்றாகத்தான் இருக்கும், மார்கழி வரைக்கும். மார்கழியில் பலகை அகல இடம் தேடும். இடத்தில் புட்டி உட்கார்ந்திருக்கும். அப்போது ஒன்று புட்டி பிதுங்கித் தூள் தூளாக வெளியே வரும், அல்லது பலகை தன் ஓரங்களைத் தூக்கிக்கொள்ளும். ஓரம் தூக்கிய பலகையைக் கண்டதும் அடுத்த பதற்றம்: இழைத்துத் தட்டையாக்கு என்பார்கள். ஈரம் வற்றுமுன் இழைத்தால், வற்றிய பிறகு ஓரம் தாழ்ந்து நடு மேடாகி நிற்கும். இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரி ஆனதாகச் சரித்திரம் இல்லை. செய்ய வேண்டியது, தரைக்கு அடியில் காற்றுப் போக அத்திவாரத்தில் விட்ட துளைகளைக் குப்பையும் பூச்சட்டியும் மறைக்காமல் பார்த்துக்கொண்டு, கச்சான் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. இதைப் பராமரிப்பு என்று ஒப்புக்கொள்ள மனிதர்களுக்கு மனம் வராது. ஆனால் பலகைத் தரைக்கு நடந்த கேடுகளில் பாதி, அதன் மேல் அக்கறை பொங்கியதால் நடந்தவை. தண்ணீர் வேண்டாம் என்பதல்ல. பிழிந்து பிழிந்து, இனி ஒரு சொட்டும் விழாது என்ற நிலைக்கு வந்த துணியால் துடைத்து, கையோடு உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். வாளி மட்டும் அறைக்குள் வரக்கூடாது.

எண்ணெய்வாதிகளின் நிலை இன்னும் பரிதாபம். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். ஆளி விதை எண்ணெய் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகித் தோலாகிவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் கிடந்தாலும் எண்ணெயாகவே கிடக்கும், கிடந்து தூசியைக் கூப்பிடும், எறும்பைக் கூப்பிடும், கடைசியில் காறல் வாடையும் வரும். அதோடு, அது 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் வஸ்து. கரையோரத்தில் இது ஒரு பொருட்டல்ல. நமுனுகுலவின் விடியற்காலையில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாகிவிடும் எண்ணெயைத் தரையில் தடவி வைத்தால், காலையில் கொழுப்புத் திட்டு, மத்தியானம் பிசுபிசுப்பு என்று ஒரே தரைக்கு இரண்டு வேஷம். யப்பானியர் அரிசித் தவிட்டைத் துணியில் முடிந்து பலகையில் தேய்த்து வந்தவர்கள். அடுப்படிக் கழிவிலிருந்து மெருகு எடுக்கும் புத்தி ஒன்றேயானாலும், தவிட்டெண்ணெய் ஓரளவுக்கு இறுகும் சாதி என்பதால் அவர்கள் பிழைத்தார்கள். ஆளி விதை எண்ணெயை ஆதரிப்போருக்கும் ஓர் எச்சரிக்கை: அதில் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். விரித்துக் காய வைக்க வேண்டும்.

மெழுகுவாதிகளோடு நமக்குப் பெரிய சண்டை இல்லை. தேன்மெழுகோ, பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகோ, டர்பன்டைனில் கரைந்து டின்னில் இருக்கிறது. பூசியதும் டர்பன்டைன் பறந்துவிடும், மெழுகு மட்டும் தங்கும். தேய்க்கத் தேய்க்கச் சமமாகி ஒளியைத் திருப்பி அனுப்பும். கொஞ்சமாகப் பூசி நிறையத் தேய்ப்பது ஒன்றே அங்கே விதி. நிறையப் பூசிக் கொஞ்சமாகத் தேய்ப்பவர்கள் அழுக்குக்குப் பாய் விரிக்கிறார்கள். இக்காலத்துப் பொலியூரதேன் பூச்சு ஏறிய தரையில் மெழுகு ஒட்டாது, வழுக்கும், அதைப் பூசுவது வீண். எது எது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாத ஒரு மூலையை நகத்தால் சுரண்டலாம். நகத்தில் வெண்மையாய் ஒட்டினால் மெழுகு. மெழுகுவாதியின் பிழை மருந்தில் இல்லை, நோயைத் தவறாகக் கண்டதில் இருக்கிறது. மெழுகு தேய்ந்ததால் தரை கெட்டது என்கிறார். மெழுகைத் தேய்த்தது எது என்று கேட்பதில்லை.

தேய்த்தது சப்பாத்து. நமுனுகுலவைத் தாங்கி நிற்பது உயர்நிலப் பாறைத் தொகுதி. இந்த மலைநாட்டு மண்ணில் குவாட்ஸ் மணல் தாராளம். கடினத்துக்கு மோஸ் வகுத்த பத்துப் படியில் குவாட்ஸ் ஏழாவது. கத்தி இரும்பு அதற்குக் கீழே, பலகையும் மெழுகும் பேச்சிலேயே இல்லை. மலையில் இறங்கி ஏறிய துரையின் சப்பாத்தடியில் ஒரு மணல் ஒட்டிக்கொண்டு வரவேற்பறைக்குள் வந்தால், அவர் நடக்கும் ஒவ்வொரு அடியும் மண்தாள் வைத்து ஒரு தேய்ப்பு. அது நடந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் சப்பாத்தே போடுகிறோம். துரையம்மாவின் குதி உயர்ந்த செருப்பு வேறு கணக்கு. அறுபது கிலோ எடை ஒரு சதுர சென்ரிமீற்றர் குதிமுனையில் இறங்கினால் அந்த இடத்துக்கு அறுபது கிலோ; அதே எடை வெறும் பாதம் ஒன்றின் நூற்றிருபது சதுர சென்ரிமீற்றரில் பரவினால் சதுரத்துக்கு அரைக் கிலோ. நூற்றிருபது மடங்கு வித்தியாசம். ஆனால் எடைக் கணக்கை விடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. வெறுங்காலுக்குத் தெரியும். உள்ளங்காலின் தோலில் நரம்பு முனைகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒற்றை மணல், துளி ஈரம், மயிரிழை அளவு தூக்கிய பலகை ஓரம், தலை நீட்டிய ஆணி எல்லாம் அடுத்த கணம் மூளைக்குப் போய்விடும். மணலை மிதித்தவர் தும்புத்தடியைத் தேடுவார். ஈரத்தை மிதித்தவர் துணியைத் தேடுவார். ஆகவே வெறுங்கால் தரையைத் தேய்க்காமல் விடுவதோடு நிற்பதில்லை. ஒரு நாளைக்குப் பல நூறு முறை தரையைப் பரிசோதித்து அறிக்கையும் கொடுக்கிறது. தரையில் மணல் கிடந்தால் பங்களாவில் அது முதலில் தெரிவது சமையல்கார அப்புவுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும்தான். மட்டையில் ஏறி மெருகு போட்டவரின் கால் மெருகு போட்டது மட்டும் அல்ல. எங்கே மெழுகு வற்றியது, எங்கே திரண்டது என்று வாசித்துக்கொண்டும் போனது.

இதே ஆட்கள் வீட்டில் காத்தது வேறு தரை. தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் மண் தரைக்கு விதி முற்றிலும் தலைகீழ். அது தண்ணீர் கேட்கும் தரை. சாணியைக் கரைத்து, கையால் அரைவட்டம் அரைவட்டமாக மெழுகி, காயவிட்டு, வெடித்தால் மறுபடி மெழுக வேண்டும். காயப் போட்டே வைத்தால் புழுதி எழும்பும். விடியலில் தன் காம்பராவின் இஸ்தோப்பில் ஈரத்தால் தரையைக் காத்தவர், மணி அடித்ததும் மேட்டுப் பங்களாவுக்கு ஏறிப் போய் வறட்சியால் தரையைக் காத்தார். எதிரெதிரான இரண்டு சாத்திரங்களை ஒரே நாளில், ஒரே கையால், எந்த நூலும் இல்லாமல் மாறிப் போகாமல் செய்துவந்த புலமைக்கு, வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பேர் மட்டும் விழுந்தது. இந்த ஆராய்ச்சியின் மிக வலுவான சான்று இதுதான் என்று கருதுகிறேன். மரத்தைப் பற்றி அறிந்தவர்கள் மரத்தை விலைக்கு வாங்கியவர்கள் அல்லர்.

இனி மறுப்புகள். ஹாலிஎலவுக்கு அப்பால், பதுளை மாவட்டத்திலேயே, போகொட மரப்பாலம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் பாலம், ஆற்றின் மேல் ஓடு வேய்ந்த கூரையோடு நிற்கிறது. அதைக் காத்தது கூரைதானே, காலா என்று கேட்பர். கூரை காத்தது மழையிலிருந்து, மறுக்கவில்லை. கூரை இல்லாத இடத்தில் கால் என்ன செய்தாலும் பலகை மக்கும். ஆனால் கூரை மட்டும் போதுமானால் கூரையுள்ள பங்களாத் தரை எதுவும் தேய்ந்திருக்கக்கூடாது. கூரை தேவை, கால் தேவை. முன்னதை எல்லாரும் ஒப்புக்கொள்வதால் பின்னதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அஃதேல் ஹப்புத்தளை அடிஷம் மாளிகை? சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்த வீட்டுக்குக் கதவு, சன்னல், படிக்கட்டு, தரை எல்லாம் பர்மாத் தேக்கு. இன்று அது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம். தேக்கின் பெருமையே பெருமை என்று வாதிடலாம். தேக்கு உப்புவதும் சுருங்குவதும் மற்ற மரங்களை விடக் குறைவு, உள்ளே சொந்த எண்ணெய் வேறு இருக்கிறது, இதெல்லாம் உண்மை. ஆயினும் குவாட்ஸுக்குப் பர்மாவும் தெரியாது, பசறையும் தெரியாது. கறையான் தேக்கை விட்டுவிட்டு வேறு மரத்துக்குப் போகலாம்; மணல் அப்படிப் பேதம் பார்ப்பதில்லை. மூன்றாவது, வெறுங்கால் வியர்க்குமே, உப்பு படியுமே என்பது. படியும். மாலையில் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். சப்பாத்து போட்ட கீறலைத் துணியால் துடைத்து எடுத்தவர் இருந்தால் இக்கட்டுரையை இத்தோடு நிறுத்திவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு எத்தனை கூட்டம் வந்தாலும் செருப்பை வாசலில் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். யப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே பிழிந்த துணியோடு குனிந்து பலகைத் தாழ்வாரத்தைத் துடைக்கிறார்கள். தெருச் சப்பாத்து வாசலோடு நின்றுவிடுகிறது. இந்த விதி, யாரும் யாரிடமும் கேட்டு எழுதியதல்ல.

நாலாவது மறுப்புத்தான் கனமானது. வெறுங்கால் யார் விரும்பி ஏற்றது? தோட்டத்துச் சனத்துக்குச் சப்பாத்து இல்லை, அவ்வளவுதான். இல்லாமையை எடுத்துக் கொள்கை ஆக்குவது துரைத்தனம் அல்லவா? அத்தோடு, அந்த வெறுங்கால் வழியாகத்தான் கொக்கிப்புழு உள்ளே வந்தது. புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது என்பதை எகிப்தில் ஆர்தர் லூஸ் 1898இல் வெளியிட்டார். ரொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழு 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கி இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. இரத்தத்தைக் குடித்துச் சோகை பிடிக்கவைத்த அந்தப் புழு இருந்தது மலசலகூடம் இல்லாத லயத்துக் கரையில், ஈரமண்ணில், கொழுந்து மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில். பங்களாப் பலகையில் அல்ல. இந்த மறுப்பு நம் கருதுகோளை விழுத்தவில்லை, ஆனால் அதன் நிலப்பரப்பைக் கறாராகச் சுருக்குகிறது: வெளியே சப்பாத்து, உள்ளே வெறுங்கால். இந்த எளிய ஏற்பாட்டைத் தோட்டத்தில் எவரும் செய்ததில்லை. துரை வெளியேயும் உள்ளேயும் சப்பாத்தோடு நடந்தார்; அவர் தேய்த்த தரையைக் காத்தவர்கள் வெளியேயும் உள்ளேயும் வெறுங்காலோடு நடந்தார்கள். ஒருவர் தரையைக் கெடுத்தார், மற்றவர் இரத்தம் கெட்டார். சப்பாத்தை வைக்க வேண்டிய இடம் பங்களாவின் வாசற்படி. அதைத் தாண்டி அது உள்ளே போனதும், அதைத் தாண்டி அது லயத்துக்கு இறங்காமல் நின்றதும் ஒரே நிர்வாகத்தின் காரியம்.

எஞ்சியது ஒரு சில்லறைக் கேள்வி. பதுளையிலும் பண்டாரவளையிலும் இப்போது கட்டும் வீடுகளுக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் மரம்போலவே தெரியும் லாமினேட் தரை வருகிறதே, அதற்கு இவ்வாராய்ச்சி செல்லுமா என்பது. லாமினேட் என்பது மரத்தூளை அழுத்திய பலகைமேல் மரத்தின் படத்தை ஒட்டி, கண்ணாடிபோல் ஒரு பிசின் பூசியது. மெழுகு அதில் பிடிக்காது. இழைப்புளி பட்டால் படம் கிழியும். வாளித் தண்ணீர் இணைப்பு வழியே இறங்கினால் விளிம்பு ஊதி, பிறகு கச்சான் எத்தனை வீசினாலும் பழையபடி அமராது. மரத்தின் நோய்கள் எல்லாம் அதற்கு உண்டு, மரத்துக்கு உள்ள மீட்சி கிடையாது. ஆகவே மெழுகு பற்றிய பகுதியை அதன் சொந்தக்காரர்கள் விட்டுவிடலாம். துணியைப் பிழிவது பற்றியதையும், வாசற்படி பற்றியதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விடுதி நடத்துவோர் வாசலில் சப்பாத்துத் தட்டு ஒன்றும், விருந்தினர் உட்கார்ந்து கழற்ற ஒரு வாங்கும் போடட்டும். அதே தட்டில், தேயிலை மலையிலிருந்து தரை துடைக்க வருபவரின் சப்பாத்துக்கும் ஓர் இடம் விட வேண்டும். அவருக்குச் சப்பாத்து வாங்கித் தரும் செலவு, கெட்டுப்போன தரையை ஒருமுறை மாற்றும் செலவை விடக் குறைவு.